ஊறுகாயோடு வந்த மூன்றாவது போத்தல்

மேசை முழுக்க எலுமிச்சை ஊறுகாய் வாசனை. நீ இருந்திருந்தால் இந்நேரம் மூடியைத் திறந்து முதல் துண்டை வாயில் போட்டிருப்பாய். கிளினிக்கில் வைத்து என்னடி இது என்று நான் திட்டியிருப்பேன்.

சுங்காய் ஊர்ப் பக்கத்துப் பழைய தோட்டம் நினைவிருக்கிறதா? ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும் லயத்து வரிசை வீடுகளில் நாலைந்து குடும்பங்கள் மிஞ்சியிருந்தன. அதில் ஒரு வீட்டுக்காரருக்குக் காசநோய். கூட இருப்பவர்களையும் சோதிக்க வேண்டுமே என்று தாதிகள் நாம் இருவரும் அவர் மனைவி, மகள், தம்பி மூவருக்கும் ஆளுக்கொரு சளிப் போத்தல் கொடுத்துவிட்டு வந்தோம். மறுநாள் போனால் அந்த அக்கா மூன்றையும் பையில் போட்டு நீட்டினார். இரண்டில் சளி. மூன்றாவதில் ஊறுகாய்!

"கொழுந்தன் எனக்கு ஒண்ணும் இல்லன்னுட்டாரு மிஸ்ஸி. வெறும் போத்தல எப்படிலா திருப்பிக் குடுக்கிறது?"

எனக்கு வந்ததே கோபம். 'சோதனைக்கு மறுத்தார்' என்று பாரத்தில் எழுதப் பேனாவை எடுத்துவிட்டேன். நீயோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். சிரித்து முடித்ததும் என் பேனாவைப் பிடுங்கினாய். "சளிதான வரல. ஆளு எங்க போயிருவாரு? வாடி, பாப்போம்."

வீட்டுக்குப் பின்னால் ரம்புத்தான் மரத்தடியில் அந்தத் தம்பி, தான் ஓட்டும் பள்ளி வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும் முகம் சுருங்கியது. இரண்டு மாதமாக இருமல் என்பதை மெல்ல மெல்லத்தான் சொன்னார். "வெளிய தெரிஞ்சா வேன் போயிரும் மிஸ்ஸி. வேற என்ன வேல இருக்கு எனக்கு?" அந்த வேனில் தினமும் நெருக்கியடித்து உட்காரும் பிள்ளைகளை நான் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன்.

நீ அதட்டவில்லை. "மருந்து ஒழுங்கா சாப்பிட்டா வேன் திரும்ப உங்க கையிலதான் அண்ணே" என்றாய். பிறகு நாலடி தள்ளிப் போய், முகக்கவசத்தை இறக்கி, ஊறுகாயைத் தொட்டு நக்கினாய். விதிப்படி பெரும் தப்பு, இன்றும் சொல்வேன். "என்னண்ணே, உங்க வீட்டு ஊறுகாயில உறைப்பே இல்ல?"

அவர் சிரித்துவிட்டார். சிரிப்பு இருமலானது, நெஞ்சின் அடியிலிருந்து வந்த இருமல். கவசத்தை ஏற்றிக்கொண்டு புதுப் போத்தலை நீட்டினாய். மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்.

கிருமி இருந்தது. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமானார். வேன் பிள்ளைகள் எல்லாரையும் சோதித்தோம். ஒருவருக்கும் ஒன்றுமில்லை. அந்த முடிவு வந்த அன்று கிளினிக் நடைவழியில் நீ ஆடிய ஆட்டம் இருக்கிறதே!

இன்று காலை அவர் வேனை வெளியே நிறுத்திவிட்டு உன்னைத் தேடி வந்தார். நீ கண்ணை மூடி ஒரு வருடமாகிறது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. கையிலிருந்த ஊறுகாய்ப் போத்தலை என் மேசைமேல் வைத்தார்.

"இந்த வாட்டி உறைப்பு கூட்டிப் போடச் சொன்னேனே, மிஸ்ஸி."

உண்மைதான்டி, நாக்கு எரிகிறது. கண்ணீருக்கு மிளகாய்மேல் பழி போட்டுக்கொண்டு சிரிக்கிறேன். இப்போதெல்லாம் வந்த போத்தல்களை எண்ணுவதற்கு முன்னால், வராத போத்தல் யாருடையது என்றுதான் பார்க்கிறேன். பேனா அதற்கப்புறம்தான். ஊறுகாய் தீர்ந்ததும் போத்தலைக் கழுவி, நீ எப்போதும் கொறிக்கும் புந்தோங் ஊர்க் கச்சாங் பூத்தே வறுகடலையை நிரப்பிக்கொண்டு சுங்காய் போவேன். நீ கொடுத்தனுப்பினாய் என்றுதான் சொல்லப்போகிறேன்.