பத்து நிமிடம் சும்மா பார்ப்பது

ஜூலை 8, செவ்வாய்

ஆடி பிறக்கவே இல்லை, அதற்குள் ஆடிக்காற்று. காயப்போட்ட குட்டி பெட்ஷீட் இரண்டு பறந்துபோய் பக்கத்து கம்பெனி காம்பவுண்டுக்குள்.

வேலை: பாய் உதற. பால் பவுடர் தீர்ந்ததைச் சொல்ல. பொம்மை அலமாரிச் சாவி கேட்க (தர மாட்டார்கள்).

கம்பெனிப் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் க்ரீச்சுக்கு அந்தச் சாவி ஆடிட் சோதனை நடக்கும் அன்று மட்டும்தான் வரும். கவர் பிரிக்காத பொம்மைகளை வரிசையாக வைப்போம். ஆடிட்டர் கார் கேட்டைத் தாண்டியதும் எல்லாம் உள்ளே. குழந்தைகள் பார்த்துக்கொண்டே நிற்கும். நானும்.

நாளை மதியம் ஒன்றரைக்கு காத்ரின். ஜெர்மனியில் பாலர் பள்ளி டீச்சர். நம் துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி பயிற்சிக்காக எனக்கு ஜோடி சேர்த்துவிட்டது. புதன்தோறும் குழந்தைகள் தூங்கும் நேரம் வீடியோ கால். அவர் பேசுவதை ஃபோன் தமிழாக்கும், டப்பிங் படம் மாதிரி.

இந்த வார வீட்டுப்பாடம்: ஒரு குழந்தையைப் பத்து நிமிடம் சும்மா பார். குறுக்கே போகாதே. பார்த்ததை எழுது.

எழுதிவிட்டேன். 'பிங்கி, இரண்டரை வயது, ஒடிசா. நலம். அழவில்லை. நன்றாகச் சாப்பிட்டாள். சேட்டை இல்லை.'

ஜூலை 9, புதன்

காத்ரினுக்கு வாசித்துக் காட்டினேன். தலையை ஆட்டினார். ஃபோன் சொன்னது: "இவை நீங்கள் அவளிடம் விரும்புபவை. அவள் என்ன செய்தாள்?"

சுருக்கென்றது. எட்டு வருடமாகக் குழந்தை பார்க்கிறவளுக்கு எங்கிருந்தோ பாடம். இங்கே பதினாலு குழந்தைகளுக்கு நாங்கள் இரண்டு பேர். அங்கே எத்தனை பேரோ.

கடைசியில் உங்களுக்குக் குழந்தை உண்டா என்றார். ஒரு பெண், ஜெனி, ஐந்து வயது என்றேன். அவளுக்கு என்ன விளையாடப் பிடிக்கும் என்றார்.

பொம்மை என்றேன்.

எனக்குத் தெரியாது. ஜெனி சங்கரன்கோவிலில் என் அக்கா வீட்டில். நான் இங்கே திருப்பூரில் கம்பெனி ஹாஸ்டலில், அங்கே குழந்தைக்கு அனுமதி இல்லை. அவள் அப்பா எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. கடைசியாக அவளைப் பார்த்தது ஈஸ்டருக்கு, இரண்டு நாள். இதையெல்லாம் ஃபோன் எப்படி ஜெர்மனாக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

மறுபடி பிங்கி. வம்புக்குத்தான் உட்கார்ந்தேன்.

மூலையில் கிடக்கும் கட்டிங் வேஸ்ட் மூட்டை, வெட்டி மிஞ்சிய துணி, ஓட்டை. அதிலிருந்து ஒரு பனியன் துண்டை உருவினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். திருப்பினாள். தடவினாள். மடித்து இடப்பக்கம். அடுத்தது. நாலாவதை முறைத்துப் பார்த்துவிட்டுத் தூரப் போட்டாள். மறுபடி அடுத்தது.

ஆயா ராசாத்தியக்கா என் தோளுக்குப் பின்னாலிருந்து, "ஏனுங்க டீச்சர், அவங்கம்மா செக்கிங்லதானுங்க இருக்குது? புள்ள அவங்கம்மாளாட்டமே பீஸ்ல பழுது பாக்குதுங்க" என்றார்.

ஒரு வருடமாக இந்தப் பிள்ளை குப்பையைக் கலைக்கிறது என்று கையில் அடித்து மூட்டையைக் கட்டியிருக்கிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

ஞாயிறு ஆராதனைக்குக் கோவில் போய் வந்தேன். ரூமில் மற்ற மூன்று பேரும் துணிக்கடைக்கு. கூப்பிட்டார்கள், தலைவலி என்றேன். தலைவலி இல்லை.

ஷாம்பு, ஊக்கு, ரீசார்ஜ்.

ஜெனியோடு பேசினேன். நாலு நிமிடம். சாப்ட்டியா, உம். படிச்சியா, உம். பெரியம்மா சொல்லு கேக்கணும், உம். சரி, வச்சிருதேன்.

வைத்த பிறகு அரை மணி நேரம் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம். யார் மேல் என்று தெரியவில்லை.

ஜூலை 16, புதன்

பிங்கி குறிப்பை காத்ரின் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். இரண்டாவது தடவை கை தட்டினார். குழந்தைகள் பெரும்பாலும் அம்மாவாகத்தான் விளையாடும் என்றார். என்னை யாரும் கை தட்டிப் பாராட்டி ரொம்ப நாள். கால் முடிந்தும் சிரித்துக்கொண்டே இருந்தேன், ராசாத்தியக்கா கேலி பண்ணினார்.

அடுத்த பாடம்: உங்கள் சொந்தக் குழந்தை, வீட்டில்.

சொல்லிவிட்டேன். அவள் என்னோடு இல்லை என்று. காத்ரின் திரைக்குக் கிட்டே வந்தார். அப்புறம்: "அப்படியானால் ஃபோனில் பாருங்கள். பேச வேண்டாம்."

ஜூலை 20, ஞாயிறு

ஊரில் என் அக்காவிடம் சொல்லிவைத்தேன். வீடியோ கால் போட்டு ஃபோனை அரிசி டிரம்மில் சாய்த்து வை, ஜெனியிடம் சொல்லாதே. பைத்தியமாட்டி உனக்கு என்றாள். வைத்தாள்.

5.00. முற்றம். ஈர்க்குச்சியால் தரையில் கோடு போடுகிறாள். நான் வாங்கிக்கொடுத்த பொம்மை ஜன்னலில், கவரோடு.

5.03. ஆளைக் காணோம். கால் மட்டும் தெரிகிறது. கொலுசில் ஒன்று இல்லை.

5.05. பக்கத்து வீட்டுப் பாப்பாவை உட்காரவைக்கிறாள். "நீதான் ஜெனி. நான் அம்மா."

5.06. எதிர் மூலைக்குப் போகிறாள். முதுகைக் காட்டி உட்காருகிறாள். சோப்பு டப்பாவைக் காதில் வைக்கிறாள். "சாப்ட்டியா? படிச்சியா? பெரியம்மா சொல்லு கேக்கணும். சரி, வச்சிருதேன்." டப்பாவைக் கீழே வைக்கிறாள்.

5.07. மறுபடி எடுக்கிறாள். அதே.

5.08. மறுபடி.

5.09. பாப்பா எழுந்து அவள் மடியில் உட்காரப் போகிறது. தள்ளிவிடுகிறாள். "அம்மா மடி கெடையாது. அம்மா திருப்பூர்ல."

5.10. கட் பண்ணினேன்.

குழாயைத் திறந்துவிட்டு பாத்ரூமில் அழுதேன்.

ஜூலை 21, திங்கள்

காற்று குறையவில்லை. எழுதியதை அப்படியே காத்ரினுக்கு அனுப்பினேன். ஒரு சொல் திருத்தவில்லை. மதியம் ராசாத்தியக்காவிடம், ஒத்தை ரூம் வீடு எங்கேயாவது காலியா என்று கேட்டேன். யாருக்குங்க என்றார். எங்க ரெண்டு பேருக்கு என்றேன்.

பிங்கியின் மூட்டையைக் கட்டவில்லை.

சாயங்காலம் ஆறரைக்கு ஜெனியைக் கூப்பிட்டேன். எதுவும் கேட்பதில்லை என்று முடிவு. ஜெனி என்றேன், அவ்வளவுதான். உம் என்றாள். அங்கே குக்கர் விசில். காகம். அவள் மூச்சு. எதையோ தரையில் தேய்க்கிற சத்தம், நின்றது, மறுபடி. நான் ஃபோனைக் காதோடு அழுத்தியபடி.

பத்து நிமிடம் தாண்டியிருக்கும்.

"எம்மா, இன்னும் வைக்கலயா?"