அருவியும் உள்பட

பினாங்கு துறைமுகம்,
7 ஜூலை 2025

கர்த்தருக்குள் அன்பான அத்தானுக்கு, தங்கபுஷ்பம் எழுதிக்கொள்வது.

நான் சுகம். நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள். சண்டை போட்ட கையோடு குறட்டை விடுகிறவர் நீங்கள்.

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கும்போது, "கப்பல்ல ஏறிட்டேன்னா பெறவு எங்கிட்ட பேசாத" என்று சொன்னீர்கள். நான் பேசவில்லை. எழுதுகிறேன். எழுதாதே என்று நீங்கள் சொல்லவில்லை. உங்கள் பட்டன் போனில் படம் வராது என்பதால் இந்தக் காகிதத்தைப் படம் எடுத்து முகம்மது சலீம் கடைக்கு அனுப்புகிறேன். சலீம் தம்பி, பிரிண்ட் எடுத்து அண்ணாச்சி கையில் கொடுத்துவிடு. நீ படிக்காதே.

முப்பதாவது கல்யாண நாளாச்சே என்று மகன் ஜோஷ்வா நம் இரண்டு பேருக்கும் ஆசையாகக் கப்பலில் இடம் போட்டான். குற்றால சீசனில் லாட்ஜை விட்டுவிட்டு வர முடியாது என்றீர்கள். உங்கள் இடத்தில் சிங்கப்பூரில் இருக்கிற என் தங்கை எப்சிபா வந்திருக்கிறாள். ஆளை மாற்றினார்களே தவிர, கல்யாண நாள் ஏற்பாட்டை மாற்றவில்லை. கட்டில்மேல் ரோஜா இதழால் இதயம் போட்டிருக்கிறார்கள். வெள்ளைத் துண்டை முறுக்கி இரண்டு அன்னம் செய்து மூக்கோடு மூக்கு வைத்திருக்கிறார்கள். எப்சிபா அதை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏக்கா, இதுல மொகம் தொடைக்கலாமா, இல்ல அப்படியே வச்சிருக்கணுமா?" என்கிறாள். கப்பல்காரர்களுக்கு இப்போது உங்கள் பெயரில் அவள்தான் மிஸ்டர் பலவேசம். அப்படிக் கூப்பிட்டால் அவளும் திரும்பிப் பார்க்கிறாள்.

இங்கே எல்லாம் உள்பட. சாப்பாடு, பழரசம், பாட்டுக்கச்சேரி, சுடுதண்ணீர்த் தொட்டி, எதற்கும் பில் கிடையாது. எப்சிபா நம்பவில்லை. முதல் நாளே நாலு பன்னை கைப்பையில் போட்டுக்கொண்டாள். "நாளைக்கும் குடுப்பாவளான்னு என்ன நிச்சயம்?" என்கிறாள். இண்டர்நெட் மட்டும் உள்பட இல்லை, அதனால் கரை வந்தால்தான் உங்களுக்கு எழுத முடியும்.

சாப்பாட்டு மேஜையில் ஒரு பிலிப்பைன்ஸ் பையன் குனிந்து நின்று, "மேடம், உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டான். முப்பது வருஷமாக இந்தக் கேள்வியைக் கேட்டது நான்தான். யாரும் என்னைக் கேட்டதில்லை. ரொம்ப யோசித்து, ரசம் என்றேன். தக்காளி சூப் வந்தது. பாவம், அவனுக்குத் தெரிந்தது அதுதான்.

இன்னொரு விஷயம். ஜோஷ்வாவும் மருமகளும் போனில், "லாட்ஜ் அடுப்படிக்குத் திரும்பப் போக வேண்டாம், எங்களோடயே பெங்களூர்ல இருந்துரும்மா" என்கிறார்கள். கப்பல் சிங்கப்பூர் திரும்பினதும் விமான டிக்கெட் போட வேண்டும். பெங்களூருக்குப் போடவா, திருவனந்தபுரத்துக்குப் போடவா என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். நான் இன்னும் சொல்லவில்லை.

அன்புடன்,
தங்கபுஷ்பம்


குற்றாலம்,
8 ஜூலை 2025

தங்கத்துக்கு,

நானும் பேசவில்லை. வந்த கடிதத்துக்குப் பதில் போடுவது மரியாதை, அதனால் போடுகிறேன். சலீம் படிக்காமல் இருப்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டே படம் எடுக்கிறானாம். முதலில் எடுத்ததில் அவன் மேஜைதான் விழுந்திருந்தது.

சாரல் நன்றாக விழுகிறது. எல்லா அருவியிலும் தண்ணீர். ரோட்டில் கார் நகரவில்லை. இதை விட்டுவிட்டு, துண்டில் அன்னம் பார்க்கக் கடலுக்குப் போயிருக்கிறாய்.

அந்தப் பையன் குனிந்து நின்று கேட்டான் என்று ஒரு பத்தி எழுதியிருக்கிறாயே, அவன் அதற்குச் சம்பளம் வாங்குகிறான். கப்பல்காரன் கொடுக்கிறதை நம்மால் கொடுக்க முடியாதா? அவனிடம் இருப்பது உப்புத்தண்ணீர். நம்மிடம் இருப்பது மலையில் இருந்து மூலிகை தொட்டு வருகிற தண்ணீர். இன்று காலையில் வாசலில் போர்டு வைத்துவிட்டேன். 'ரூம், சாப்பாடு, எண்ணெய் மசாஜ், எல்லாம் உள்பட. சாப்பாட்டுக்கு அளவு கிடையாது.' மை காய்வதற்குள் சாத்தூரில் இருந்து ஒரு வேன் வந்து நின்றது. குடும்பம் முழுக்க வந்திருக்கிறார்கள். முன்பணமும் கொடுத்துவிட்டார்கள்.

செல்லச்சாமி மட்டும் போர்டையே பார்த்துக்கொண்டு நின்றான். "என்னலே?" என்றேன். "அளவு கிடையாதுங்கத மட்டும் அழிச்சிருவமா அண்ணாச்சி?" என்றான். ரூம் கூட்டி மசாஜ் போடுகிறவனுக்கு வியாபாரம் என்ன தெரியும். போய் எண்ணெயைச் சூடு பண்ணு என்றேன்.

ரசப்பொடி எந்த டப்பாவில் இருக்கிறது? எல்லா டப்பாவும் ஒரே மாதிரி இருக்கிறது.

டிக்கெட் எங்கே போடுவது என்பது உன் இஷ்டம். நான் என்ன சொல்ல.

இப்படிக்கு,
பலவேசம்


புக்கெட்,
9 ஜூலை 2025

அத்தானுக்கு,

முதலில் அந்தப் போர்டை இறக்குங்கள்.

அருவியில் நின்றுவிட்டு வருகிறவன் வயிற்றுக்கா அளவில்லாத சாப்பாடு? உடம்பில் எண்ணெயும் தேய்த்து, தலையில் அவ்வளவு தண்ணீரும் விழுந்து, குளிரில் நடுங்கிக்கொண்டு வருகிறவன் ஆளையே தின்பான். அதனால்தான் நான் முதலில் சுக்குக் காப்பி கொடுப்பேன். பிறகு வடை. கொஞ்சம் அடங்கின பிறகுதான் இலை போடுவேன். இது உங்களுக்குத் தெரிய நியாயம் இல்லை. நீங்கள் முன்னால் சாவி மேஜையில் இருந்தீர்கள். ரசப்பொடி மூன்றாவது தட்டில், மூடி நெளிந்த டப்பா. பக்கத்து டப்பாவைத் தொடாதீர்கள்.

இங்கேயும் நம் ஆட்கள் மாதிரிதான் இருக்கிறார்கள். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் ரிசப்ஷனில் போய், "டால்பின் வரும்னு படம் போட்டிருந்தீங்க, இன்னும் ஒண்ணுகூட வரலீங்க. எல்லாம் உள்படன்னுதானுங்க காசு கட்டினோம்" என்று நியாயம் கேட்கிறார். ஒரு அம்மாவுக்கு ரூம் ஆடுகிறதாம், ஆடாத ரூமாக மாற்றித் தரச் சொல்லுகிறாள். கடலில் போகிறோம் என்பதையே மறந்துவிட்டார்கள். காசு கட்டினால் காற்றும் அலையும் சொன்னபடி கேட்க வேண்டும் என்று நினைக்கிறார்கள்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. போன சீசனில் ஒருத்தர் உங்களிடம், "அருவியில எத்தனை மணிக்குத் தண்ணி தொறந்து விடுவீங்க?" என்று கேட்டார். நீங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "நாலு மணிக்குத்தான், ஆனா இன்னைக்கு வாட்ச்மேன் லீவு" என்றீர்கள். நான் அடுப்படியில் கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தேன். அதை நினைத்து இங்கேயும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். எப்சிபாவிடம் விளக்கிச் சொல்லியும் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்றைக்கு நம் கல்யாண நாள். சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்கு வந்த மாதிரியும் இருக்கும், அருவியில் குளித்த மாதிரியும் இருக்கும் என்று மாமா சீசனில் நாள் குறித்தார். அதனால் ஒரு வருஷமும் நாம் இந்த நாளில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. மத்தியானம் பாட்டுக்காரர்களைக் கூட்டிவந்து மேஜையைச் சுற்றி நிற்கவைத்து கேக் வெட்டச் சொன்னார்கள். மிஸ்டர் பலவேசம் எழுந்து கும்பிட்டுவிட்டு வெட்டினாள். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். நீங்கள் இருந்திருந்தால் எனக்கு இனிப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டு என் தட்டில் இருந்து எடுத்துத் தின்றிருப்பீர்கள். அதை நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. அந்தப் பையன் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து இன்னொரு துண்டு வைத்தான்.

டிக்கெட் விஷயம் அப்படியே இருக்கிறது.

தங்கபுஷ்பம்


குற்றாலம்,
11 ஜூலை 2025

தங்கத்துக்கு,

போர்டை இறக்கிவிட்டேன். கொஞ்சம் பிந்திவிட்டது.

சாத்தூர்க்காரர்கள் காலையில் எண்ணெய் தேய்த்து ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்தார்கள். உன் கடிதம் அப்போது வரவில்லை. நான் நேரே இலை போட்டேன். இரண்டு வேளைக்கு என்று அவித்த இட்லி போன இடம் தெரியவில்லை. சோறு வடித்தேன், போயிற்று. தென்காசிக்கு ஆள் அனுப்பிப் பரோட்டா வாங்கினேன். அதில் ஒரு பெரியவர் சாப்பிட்ட அழகை நீ பார்த்திருக்க வேண்டும். இலையை விட்டுத் தலையே தூக்கவில்லை.

மறுநாள் மலையில் மழை. வெள்ளம் வந்து எல்லா அருவியிலும் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் பெட்டியைக் கட்டியிருப்பார்கள். இவர்கள் போர்டைக் காட்டினார்கள். "எல்லாம் உள்படன்னு நீங்கதான எழுதியிருக்கீங்க. அருவி எங்கண்ணே?" என்கிறார் அந்தப் பெரியவர். உன் டால்பின்காரரைப் பார்த்துச் சிரித்தாயே, எனக்கு இங்கன கழுத்துக்கு வந்துவிட்டது.

வேறு வழியில்லாமல் செல்லச்சாமியும் நானும் மொட்டைமாடித் தொட்டியில் பெரிய குழாயை மாட்டி, மேலே இருந்து பிடித்தோம். கீழே முற்றத்தில் எல்லாரும் நின்று குளித்தார்கள். கொஞ்ச நேரத்தில் பொம்பளைகள் தனியாக வேண்டும் என்றார்கள். நடுவில் கட்டில் விரிப்பைக் கட்டினேன். தொட்டி காலியாகி ரூமுக்கெல்லாம் தண்ணீர் நின்றுபோனது. அதோடு போகவில்லை தங்கம். குளித்தார்கள் இல்லையா, எல்லாருக்கும் மறுபடியும் பசித்துவிட்டது.

அப்போதுதான் ரசம் வைத்தேன். கொதிக்கும்போது நுரை பொங்கிப் பொங்கி வந்தது. நன்றாக வருகிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் பொடி போட்டேன். செல்லச்சாமி டப்பாவை மோந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது சீயக்கா" என்றான். நீ தொடாதே என்று எழுதின கடிதத்தை அன்று சாயங்காலம்தான் சலீம் கொண்டு வந்தான்.

அந்த வீட்டு அம்மா ஒருத்தி அடுப்படிக்குள் எட்டிப் பார்த்து, "போன வருசம் இங்க ஒரு அக்கா இருந்தாங்களே, எங்க? அவங்க ரசத்துக்குன்னுதான இவ்வளவு தூரம் வந்தோம்" என்றாள். அருவிக்கு வரவில்லையா என்று கேட்டேன். "அருவியில குளிச்சா அந்த ரசம் இன்னும் நல்லா இருக்கும், அதுக்குத்தான்" என்கிறாள். இத்தனை வருஷமாக மலையும் அருவியும் நமக்கு ஆள் கொண்டுவருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாண நாள் எனக்கும் ஞாபகம் இருந்தது. செல்லச்சாமியிடம்கூடச் சொல்லவில்லை.

சலீம், இப்போது கண்ணை மூடிக்கொள். தங்கம், எனக்கு உன்னைத் தேடுகிறது.

பலவேசம்


எப்சிபா வீடு, சிங்கப்பூர்,
12 ஜூலை 2025

மதிப்பிற்குரிய லாட்ஜ் உரிமையாளர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. சீயக்காய் ரசம்வரை படித்து நானும் எப்சிபாவும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுச் சீனத்தி கதவைத் தட்டினாள். கடைசி வரியைப் படித்துவிட்டுக் குளியலறைக்குள் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். ஆனால் அந்தக் கடிதத்தில் 'வா' என்ற சொல் எங்கேயும் இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். ரசத்துக்கு ஆள் வேண்டும் என்று மட்டும்தான் எனக்குப் புரிந்தது.

ஆகவே முறைப்படி விசாரிக்கிறேன். நான் ஒரு பெண்மணி. தனியாக வருகிறேன். சமைக்க வரவில்லை, தங்க வருகிறேன். கப்பலில் எனக்கு எல்லாம் கிடைத்தது. அன்னமும் கேக்கும் பழரசமும் எனக்குப் பெரிதாகப் படவில்லை. மேஜையில் உட்கார்ந்திருக்க, ஒருத்தர் வந்து என்ன வேண்டும் என்று கேட்டார், அதுதான் பிடித்திருந்தது. தங்கள் லாட்ஜில் என்னென்ன உள்பட என்று தெரியப்படுத்தவும். நாளைச் சாயங்காலம் ஜோஷ்வா டிக்கெட் போடுகிறான். தங்கள் பதிலைப் பார்த்துத்தான் ஊர்ப் பெயரைச் சொல்லுவேன்.

இப்படிக்கு,
பொ. தங்கபுஷ்பம்


குற்றாலம்,
13 ஜூலை 2025

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் அவர்களுக்கு,

தங்கள் விசாரணைக்கு நன்றி. மலை பார்த்த மாடி ரூம் தங்களுக்காக ஒதுக்கப்பட்டுள்ளது. சாத்தூர்க்காரர்கள் நேற்று ஊருக்குப் போய்விட்டார்கள். இன்று முதல் தாங்கள் வந்து இறங்கிய மறுநாள்வரை வேறு யாருக்கும் ரூம் கிடையாது. சீசனில் 'ரூம் இல்லை' என்று போர்டு மாட்டிவிட்டு வெறும் லாட்ஜை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனைப் பார்த்து ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் நின்று விசாரிக்கிறார்கள். முதலாளியம்மா வாரா என்று செல்லச்சாமி பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

காலையில் தாங்கள் எழும்பும்போது காப்பி மேலே வரும். சாப்பாட்டு மேஜையில் உரிமையாளரே வந்து என்ன வேண்டும் என்று கேட்பார். குனிந்து நிற்க இடுப்பு ஒத்துழைக்காது, நிமிர்ந்து நின்று கேட்பார். தாங்கள் பதில் யோசித்து முடிக்கும்வரை நிற்பார். ரசம் கேட்டால் ரசம்தான் வரும். சரியான டப்பாவில் இருந்து எடுத்து நேற்றும் இன்றும் வைத்துப் பார்த்தாயிற்று. இரண்டாவது தடவை செல்லச்சாமி மறுபடி வாங்கி ஊற்றினான்.

அருவியும் உள்பட. கூட்டம் வருவதற்கு முன்னால் விடியக்காலம் பழைய குற்றாலத்துக்கு ஆட்டோவில் கூட்டிப்போய்க் கூட்டிவரப்படும். வாடிக்கையாளர் ஆற அமரக் குளிக்கும்வரை உரிமையாளர் துண்டை வைத்துக்கொண்டு கரையில் நிற்பார். அந்தத் துண்டில் அன்னம் செய்ய இரண்டு நாளாக முயற்சி நடக்கிறது. இப்போதைக்கு வாத்து மாதிரி வருகிறது.

இரண்டு நாள் கழிந்த பிறகும் வாடிக்கையாளர் தங்க விரும்பினால், அடுப்படிக்கு இலத்தூரில் இருந்து வடிவாம்பாள் என்ற அம்மா வேலைக்கு வரச் சம்மதித்திருக்கிறாள். ரசத்துக்கு மட்டும் வாடிக்கையாளர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் போதும். மனம் இல்லையென்றால் அதுவும் வேண்டாம்.

வா. கேட்ட சொல் இதுதானே, எழுதிவிட்டேன். வா தங்கம்.

கப்பலில் ஏறினால் எங்கிட்ட பேசாதே என்று ஒருத்தன் சொன்னான் இல்லையா, அந்த லூசு சொன்னது ரத்து. இந்த லாட்ஜில் இனிமேல் பேச்சும் உள்பட. ஏட்டி, சாயங்காலம் ஆறு மணிக்கு சலீம் கடையில நிக்கேன். முகம் பாத்துப் பேசணும், அவன் போனுக்குக் கூப்பிடு.

உன்,
பலவேசம்

அக்கா, நான் சலீம். மன்னிச்சிருங்க, இந்தக் கடிதத்தைக் கண்ணைத் திறந்துதான் படம் எடுத்தேன். அண்ணாச்சி நாலரை மணிக்கே வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்துட்டாங்க.