உப்புப் போடாத முந்நூறு உருண்டைகள்

ராத்தா,

கையில் இன்னும் தேசிக்காய் வாசம் போகவில்லை. காலையில் ஐஸ் பெட்டியைக் கழுவினேன். நோன்பு பிறக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது. இந்த வருடம் யாரும் கேட்கவில்லை, வருவதாகச் சொல்லவும் இல்லை. ஆனாலும் உள்ளே இருந்த மீனையெல்லாம் ஒழித்துவிட்டு, தேசிக்காய் பிழிந்த தண்ணீர் விட்டு மூலை மூலையாகத் தேய்த்தேன். என் வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "யாரு வரப்போறாங்கன்னு இந்தத் தேய் தேய்க்கிற? பேசாம வித்துருவோம்" என்றார். வந்த கோபத்தில் ஈரத்துணியை அவர் காலடியில் போட்டேன்.

விற்கச் சொல்ல அவருக்கு என்ன வாய்? வாங்கியதே அவர்தானே. மத்தியானத்திலும் ஸ்வெட்டரோடு நடக்கிற கந்தப்பளையில் ஐஸ்கிரீம் விற்கக் கிளம்பிய மனுஷன். மூன்றே மாதத்தில் வியாபாரம் படுத்து, பெட்டி எங்கள் வீட்டில் போர்வை மடித்து வைக்கிற அலமாரியாகிவிட்டது. உங்கள் புடவைக்கடைக்கு நான் தைத்த சட்டைகளை வாங்க வந்த நீங்கள்தான் அதைத் திறந்து பார்த்துச் சிரித்தீர்கள். "போர்வைக்கும் குளிருமா புள்ள? நோன்புக்கு உருண்டை புடிச்சு இதுல வைப்போமே" என்றீர்கள்.

முதல் வருடம் உங்கள் சட்டி, உங்கள் தட்டு, உங்கள் கத்தி என்று எல்லாவற்றையும் ஒரு கூடையில் சுமந்துகொண்டு வந்தீர்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் வீட்டுக்காரருக்கு உயிரான பன்றி இறைச்சியை அன்றிலிருந்து படியேற விடவில்லை. அது எப்படியோ உங்கள் காதுக்கு எட்டிவிட்டது. மறு வருடம் இறைச்சியை மட்டும் கொண்டுவந்து, "உங்க சட்டிய எடுங்க" என்றீர்கள். அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உங்களிடம் சொல்லவே இல்லை. இப்போது சொல்கிறேன்.

நோன்பு மாதம் முழுவதற்கும், பள்ளிவாசலுக்கும் அக்கம்பக்கத்துக்கும் அனுப்புகிற தட்டுகளுக்கும் சேர்த்து முந்நூறு உருண்டை. அரைத்த மாட்டிறைச்சி, உதிர்த்த பாண் ரொட்டி, பொடியாக வெட்டிய வெங்காயம், இஞ்சி, பூடு, புதினா. மிளகு என் பொறுப்பு, உப்பு உங்கள் பொறுப்பு. நான் மாட்டிறைச்சி தின்னாதவள். அதனால் ஒன்றைப் பொரித்து ருசி பார்ப்பதும் நீங்கள்தான். உருட்டியதைத் தட்டில் தள்ளித் தள்ளி அடுக்கி உறைய வைத்து, கல்லான பிறகுதான் பைகளில் கட்டுவோம். அவசரத்தில் நான் நெருக்கி அடுக்கினால் கையில் ஒரு தட்டுத் தட்டுவீர்கள். "மொதல்ல தள்ளி இருக்கட்டும் புள்ள. உறைஞ்சதுக்குப் பொறகு ஒரே பையில கிடந்தாலும் ஒட்டிக்கிட்டுச் சண்டை போடாது. எங்க ரெண்டு பேரையும் போல."

போன வருடம் அந்த வேலை நடந்த அன்று நீங்கள் நோன்பிருந்தீர்கள். காய்ச்சலில் விட்டுப்போன நோன்புகளை அடுத்த நோன்பு வருமுன் பிடித்து முடிக்க வேண்டும் என்று. "நாக்குல வச்சுப் பார்த்துத் துப்பலாம்தான், எனக்கு மனசு கேக்காது" என்றீர்கள். எனக்கோ மாட்டிறைச்சி ஆகாது. பிசைகிற நேரத்தில் பாங்கு சொன்னது. என்னைப் பிசையச் சொல்லிவிட்டுத் தொழப் போனீர்கள். உப்பைப் போட்டுவிட்டுத்தான் போனீர்கள் என்று நான் நினைத்தேன். பிசைகிறவள் போட்டிருப்பாள் என்று நீங்கள் நினைத்தீர்கள். முந்நூறும் உறைந்து பைக்குள் போய்விட்டது.

முதல் நோன்பு திறந்த கையோடு உங்கள் போன் வந்தது.

"புள்ள, உப்புப் போட்டீங்களா?"

"நீங்கதானே போட்டீங்க ராத்தா?"

நீங்கள் சிரித்த சிரிப்பில் எனக்கும் மூச்சு முட்டியது. பின்னாலிருந்து உங்கள் வீட்டுக்காரர், "என்ட பிரஷருக்கு டொக்டர் சொன்ன சாப்பாட்ட ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சு போட்டுட்டீங்க" என்று சொன்னது கேட்டது. அந்த மாதம் முழுவதும் அவற்றைக் கட்டியான ஆணத்தில், அந்தக் குழம்பின் உப்பில், ஊறப் போட்டே ஒப்பேற்றினீர்கள். அவர் மட்டும் வெறுமனே பொரித்துக் கேட்டாராம்.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த வாரம் நீங்கள் போய்விட்டீர்கள். இரண்டு நாள் படுக்கைகூட இல்லை. என்னைவிட ஒரு வயதுதான் மூப்பு. அப்படி என்ன அவசரம் என்று உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. அதற்குப் பிறகு பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் ஒரே யோசனைதான். இனி உங்கள் வீட்டிலிருந்து இந்தப் படியேற யாருக்கு என்ன தேவை இருக்கிறது?

மத்தியானம் வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. ஹட்டனில் கட்டிக்கொடுத்த உங்கள் மகள் இறங்கினாள். இடுப்பில் இறைச்சிப் பாத்திரம்.

"சாச்சி, பெட்டி சும்மாதானே இரிக்கி?"

"கழுவி வச்சிருக்கேன் கண்ணு" என்றேன். வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

நீங்கள் எப்போதும் உட்காரும் பலகையிலேயே உட்கார்ந்தாள். வெங்காயம் வெட்டி, பாண் உதிர்த்தோம். நான் மிளகு போட்டேன். போன வருடத்துப் பிழை மறுபடி நடக்கக் கூடாது என்று உப்புச் சாடியை நானே முதலில் எடுத்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"உப்பு வேணாமாம் சாச்சி. உம்மா கடைசியா செஞ்ச மாதிரியே வேணுமாம் வாப்பாவுக்கு."

வெங்காயம் வெட்டி வெகு நேரமாகிவிட்டிருந்தது. அழுததற்குச் சொல்ல ஒரு சாக்கும் இல்லை. இரண்டு பேரும் அழுதோம், பிறகு கை கழுவிவிட்டு உருட்ட உட்கார்ந்தோம். அவள் உங்கள் மகள்தான், ஆனால் அவசரக்காரி. தட்டில் நெருக்கி நெருக்கி அடுக்கினாள். என் கை தானாக எழுந்து அவள் கையில் ஒரு தட்டுத் தட்டியது.

"தள்ளி வை கண்ணு. மொதல்ல உறையட்டும்."

முந்நூறும் உள்ளே இருக்கிறது ராத்தா. உப்புப் போடவில்லை என்பது இந்த முறை எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.