கறை போன விரிப்பும் கணக்கு டீச்சரும்

அன்புக் குட்டிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலமாகத்தான் இருக்கிறோம், அப்பாவுக்குக் கால் வீக்கம் மட்டும் சாயங்காலமானால் ஏறிவிடுகிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் எனக்கு எப்போதும் நினைப்பு.

நம் சலவைக் கடைக்கு நீ போனில் ஆரம்பித்துக் கொடுத்த பக்கத்தால் பிரயோஜனம் உண்டா என்று கேட்டிருந்தாய். இல்லை என்றால் பொய். ஓட்டல்காரர் ஒருவர் அதைப் பார்த்துத்தான் மேசைத்துணிகளை அனுப்புகிறார், இரண்டாவது மெஷினும் இப்போது சும்மா நிற்பதில்லை. ஆனால் நாள் முழுக்கத் தேய்த்த கையோடு உட்கார்ந்து, முகம் தெரியாதவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் எழுதுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. கடைக்கு வராதவங்களோடதான் நீ அதிகமாப் பேசுற என்கிறார் அப்பா. போன மாதம் ஒரு தப்பும் பண்ணிவிட்டேன். உன் கணக்கு டீச்சர் வீட்டுக்காரர் படுத்த படுக்கையாக இருப்பது உனக்குத் தெரியும், அவருடைய விரிப்புகள் மூன்று வருஷமாக நம்மிடம்தான் வந்தன. நாலு பேர் பார்த்தால் கடைக்கு நல்லது என்று துவைக்கும் முன் ஒன்று, துவைத்த பின் ஒன்று படமெடுத்துப் போட்டேன். அடையாளத்துக்காக மூலையில் நானே மையில் எழுதிய டீச்சர் பெயர் படத்தில் விழுந்ததைக் கவனிக்கவில்லை. எண்ணூறு பேர் பிடித்திருக்கிறது என்று அமுக்கினார்கள். அவர் தெருக்காரி ஒருத்தி, இது நம்ம டீச்சர் வீட்டுத் துணியாச்சே என்று சிரிப்புப் பொம்மையோடு எழுதியிருந்தாள். உடனே கடைக்கு வந்த ஒரு பையனை விட்டு அதை அழித்துவிட்டேன், ஆனாலும் அடுத்த வாரம் துணி வரவில்லை.

டீச்சர் வீட்டுக்கே போனேன். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். மன்னிப்புக் கேட்டேன். கறை போறதுக்கு மட்டும் உங்ககிட்ட குடுக்கல, வெளிய தெரியாம இருக்கும்னுதான் குடுத்தேன் என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பக்கம் ஆரம்பித்துக் கொடுத்ததற்காக உன்மேல் எனக்கு வருத்தமில்லை, நீ நல்லதுக்குத்தான் செய்தாய், யோசிக்காமல் போட்டது நான். பக்கத்தை மூட வேண்டாம், கடை திறக்கும் நேரமும் போன் நம்பரும் இருந்தால் போதும்.

நேற்று அவர் வீட்டுப் பின்பக்கமாக வந்தேன். குழாயடியில் தனியாக விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்தார், ஒரு ஆளால் முறுக்க முடியவில்லை. போய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். அவர் வேண்டாம் என்று தள்ளவில்லை. கொடியில் போட்டு முடித்ததும், வியாழக்கிழமை நாலு விரிப்பு இருக்கும் என்றார். அது கடைக்கு வருமா, நான்தான் போய்ப் பிழிய வேண்டுமா என்று கேட்கவில்லை. எதுவானாலும் சரி.

உடம்பும் மனசும் நோகாமல் நன்றாக இரு கண்ணு. மற்றவர்கள் துணிப் படம் இன்னும் பக்கத்தில் இருக்கிறது, எனக்கு எடுக்கத் தெரியவில்லை, இதைப் படித்த கையோடு எடுத்துவிடு.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா