இறக்கை வேண்டாத கப்பல்

மார்ச் 4, செவ்வாய்

விண்கப்பலுக்கு இறக்கை வைக்கச் சொல்கிறார் இயக்குநர். காற்றே இல்லாத இடத்தில் இறக்கை எதற்கு என்று கேட்டேன். "பாக்க கெத்தா இருக்கணும்மா. சீரியல் பாக்கறவங்க என்ன பரீட்சையா எழுதப் போறாங்க?" என்றார். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அதுதான் இப்போது எரிகிறது.

பதினான்கு வருடம் சரக்குக் கப்பல்களின் எஞ்சின் அறைகளை வரைந்தவள் நான். தொலைக்காட்சிக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. என்னை எதற்கு எடுத்தார்கள்? நிஜக் கப்பல் வரைந்த ஆள் வேண்டும் என்றுதானே? இப்ப நிஜம் கசக்குதா?

மார்ச் 5, புதன்

என் கப்பல் அழகில்லைதான். நீளமாக ஒரு தண்டு. ஒரு முனையில் எஞ்சின், மறுமுனையில் ஆட்கள் இருக்கும் அறைகள், மாடி மேல் மாடியாக. அப்போதுதான் எஞ்சின் தள்ளும்போது ஆட்கள் மிதக்காமல் காலுக்குக் கீழே தரை இருக்கும். நடுவில் இரண்டு பக்கமும் பெரிய வெப்பத் தகடுகள். வெளியே ஒரே குளிர், பிறகென்ன என்கிறார்கள். சூட்டை வாங்கிக்கொள்ள அங்கே காற்றும் இல்லை, தண்ணீரும் இல்லையே! தகடுதான் அதைக் கதிராக வெளியே விட வேண்டும். தகடு இல்லாவிட்டால் உள்ளே இருப்பவர்கள் வெந்துபோவார்கள்.

சாப்பிடும்போது அக்காவிடம் சொன்னேன். "பலகையில செய்யற கப்பல்தானேடி, யாரு வேகப்போறா?" என்றாள். தட்டைக் கழுவ எழுந்துவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

தகடுகளை எடுத்துவிட்டு இறக்கை ஒட்டிய படம் என் மேசையில் இருந்தது. கையெழுத்துப் போட வேண்டுமாம். போட மாட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

இயக்குநரின் அறைக்கே போனேன். "தகடு இல்லன்னா என் பேரை எடுத்துடுங்க சார்."

"பேரை மட்டும் எடுத்தா போதுமா?" என்றார், மெதுவாக.

"பேரை மட்டும்தான். வேலையை நீங்கதான் எடுக்கணும். நானா போக மாட்டேன்."

கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். குரல் நடுங்கவில்லை. அது போதும்.

மார்ச் 12, புதன்

என்னைக் கப்பலிலிருந்து இறக்கிவிட்டார்கள். இனி நாற்காலிக்கும் கதவுக் கைப்பிடிக்கும் அளவு எடுக்கும் வேலை. எடுக்கிறேன். கைப்பிடியும் ஒரு மில்லிமீட்டர் பிசகாது, பார்த்துக்கொள்ளட்டும்.

மார்ச் 20, வியாழன்

கதை எழுதுபவர் கைப்பிடிகளுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"ஆறாவது பாகத்துல மாட்டிக்கிட்டேங்க. எதிரி வர்றான், சுடறான், இவங்க தப்பிக்கறாங்க. அஞ்சாவதுலயும் அதேதான். அந்தத் தகடு உடைஞ்சா என்ன ஆகும்?"

"உடையவே வேண்டாம். எதிர்ல தூளும் கல்லுமா வருது. தகட்டைக் காப்பாத்தணும்னா மடக்கி உள்ள இழுத்துக்கணும். இழுத்த நிமிஷத்துலேருந்து உள்ள சூடு ஏறும். விரிச்சா தகடு போகும், மடக்கினா ஆளுங்க போவாங்க."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எவ்வளவு நேரம் தாங்கும்?"

கணக்குப் போட்டேன். நாற்பது நிமிடம். ஒரு பாகத்தின் நீளமும் அதுவே. எஞ்சினை எவ்வளவு தணிப்பார்கள் என்பதை மட்டும் கொஞ்சம் என் வசதிக்கு வைத்துக்கொண்டேன். மற்றபடி நேர்மையான கணக்கு.

மார்ச் 27, வியாழன்

வசனம் வாசிக்கும் நாள். ஆறாவது பாகம் வந்ததும், கப்பல் தலைவியாக நடிப்பவர் தாளை மூடிவைத்துவிட்டு இயக்குநரைப் பார்த்தார். "சார், இறக்கை வெச்ச கப்பல்ல நான் எதை மடக்கறது?"

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. மூலையில் நின்ற நான் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 2, புதன்

இயக்குநர் பேரம் பேச வந்தார். "இறக்கையையே தகடுன்னு சொல்லிடலாமே?"

"ரெண்டு இறக்கையும் எஞ்சினை ஒட்டி இருக்கு சார். அதோட சூட்டையே வாங்கிக்கிட்டு நிக்கும். சொல்ல முடியாது."

"உங்களுக்குத் திமிரு ஜாஸ்தி."

"ஆமா சார்."

போய்விட்டார். போகட்டும். நாளைக்கே வீட்டுக்கு அனுப்பினாலும் இதைத்தான் சொல்வேன். பயம் இல்லையா? இருக்கு. அதுக்காக?

ஏப்ரல் 3, வியாழன்

தச்சரிடம் என் பழைய வரைபடம் போயிருக்கிறது. யாரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஏப்ரல் 16, புதன்

பட்டறையில் கப்பலின் இரண்டு மாடி எழும்பிவிட்டது. காலையில் இயக்குநர் ஏணியில் ஏறி மேல் மாடியில் நின்றார். சுற்றிப் பார்த்துவிட்டுக் கீழே குனிந்து கத்தினார்:

"ஏம்மா, எஞ்சினை நிறுத்திட்டா டம்ளர்ல இருக்கற தண்ணி என்ன ஆகும்?"

ஏறிப் போய்ச் சொன்னேன். பலகைமேலேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டார். பிறகு படுக்கையைப் பற்றிக் கேட்டார், அப்புறம் கழிப்பறையைப் பற்றி. இறங்கி வருவதற்குள் எனக்கு எடுத்து வைத்திருந்த மதியச் சாப்பாடு ஆறிப்போயிருந்தது.