வெல்டு வைத்த ஷாப்ட்

இன்று காலை ஒரு விசைப்படகிலிருந்து, விசிறியைச் சுழற்றும் இரும்புத் தண்டான புரொப்பல்லர் ஷாப்டை உருவி எடுத்தேன். அது செல்லும் குழாய்க்குள் ஊறிக் கிடந்த உப்புத் தண்ணீரும் கருகிய கிரீஸும் கலந்த நாற்றம் முகத்தில் அடித்தது. உன் ஞாபகம் வந்தது. கூடவே கோபமும் வந்தது. நீ போனதிலிருந்து இவை இரண்டும் எனக்குத் தனித்தனியாக வருவதில்லை.

நீ ஓட்டிய படகின் ஷாப்டையும் நான்தான் கழற்றினேன். காசிமேட்டில் படகைக் கரையேற்றியிருந்தார்கள். நான் சுக்கானைக் கழற்ற, நீ பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, முந்தின நாள் வியாசர்பாடியில் பார்த்த ஃபுட்பால் ஆட்டத்தின் ரெஃப்ரியைத் திட்டிக்கொண்டிருந்தாய். என்ஜின் பக்கத்து போல்ட்டுகளை அவிழ்த்து, விசிறியை இழுத்தெடுத்து, ஷாப்டைப் பின்பக்கமாக இருவரும் உருவினோம். துடைத்துப் பார்த்ததும் உன் பேச்சு நின்றது. தண்ணீர் உள்ளே வராமல் கயிறு திணிக்கும் இடத்தில் இரும்பு தேய்ந்து பள்ளமாகி, அதில் மயிரிழைபோல ஒரு விரிசல் ஓடியிருந்தது.

புதுசு போட வேண்டும் என்று படகு முதலாளியிடம் சொன்னேன். "மீன் படற நேரத்துல போட்ட நிறுத்தச் சொல்றியா? வெல்டு வச்சுக் கடைஞ்சு மாட்டு பாய்" என்றார். மாட்டேன் என்றேன். அவர் வேறு பட்டறையில் கொடுத்துப் பளபளவென்று கடைந்து மாட்டிவிட்டார்.

அன்று டீக்கடையில் உன்னிடம் எவ்வளவு கத்தினேன்! "ஏறாதடா. அந்த எடத்துலயே உடையும்."

"நான் எறங்கிட்டா கடலு தெரியாத எவனையாவது ஏத்துவான் பாய். அவன் நம்ப ஆளுங்கள எப்டி கரைக்கு இட்டாருவான்?"

"அப்ப அல்லாரும் எறங்குங்க."

நீ சிரித்தாய். "நடக்கற கதைய பேசு தோஸ்து."

எண்ணூருக்கு நேரே, நல்ல வெயிலில், ஷாப்ட் உடைந்தது. உடைந்த பாதி பின்னால் நழுவ, குழாய் வழியாகக் கடல் உள்ளே பீறிட்டது. நீ ஜமுக்காளத்தை ஓட்டையில் திணித்து, காலால் உதைத்துப் பிடித்தபடி என்ஜின் அறையிலேயே கிடந்தாயாம். பக்கத்துப் படகு வந்து உன் ஆட்கள் ஒவ்வொருவராக ஏறும்வரை நீ எழவில்லை. "நீங்க ஏறுங்கடா, பின்னாலயே வரேன்" என்றாயாம். வரவில்லை. படகோடு மூழ்கிவிட்டாயாம். உன்னோடு வலை இழுத்தவன்தான் இதை அழுதுகொண்டே சொன்னான்.

ராயபுரத்தில் உன்னைக் கிடத்தியிருந்த வீட்டுக்கு முதலாளி மாலையோடு வந்தார். "டிரைவரு பாத்து ஓட்டியிருந்தா உடைஞ்சிருக்காது" என்று யாரிடமோ முணுமுணுத்தது உன் மனைவி மேரியின் காதில் விழுந்தது. மேரி சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. உன் நெஞ்சிலிருந்து அந்த மாலையை எடுத்துத் தெருவில் வீசினாள். "அந்தாண்ட போய்யா! கடலு ஒண்ணும் பண்ல. நீதான் கொன்ன."

இன்று நான் கழற்றியதும் அதே ஆளின் இன்னொரு படகுதான். அதே இடத்தில் தேய்மானம்; ஏற்கெனவே வெல்டு வைத்த வடு. அவர் குனிந்து பார்த்தார். கொஞ்சமும் கூசாமல், "மேல இன்னொரு வெல்டு வச்சு மாட்டிடு பாய்" என்றார்.

கேஸ் கட்டரைப் பற்றவைத்து, ஷாப்டை இரண்டாக அறுத்துப் போட்டேன்.

"யார் பொருள் மேல கை வைக்கற? போலீசுக்குப் போவேன்!"

"போ. ரெண்டு துண்டையும் எடுத்துகினு போ. இன்னாத்துக்கு அறுத்தன்னு அங்கயே வந்து சொல்றேன்."

அந்தப் படகின் டிரைவர் இவ்வளவு நேரமும் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஏணியில் இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார். "புச்சு மாட்டுனாதான் நான் ஏறுவேன்" என்றார். அவருக்குப் பின்னால் அவருடைய ஆட்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். முதலாளி எங்கள் எல்லோரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போனார். மாலையில் ஷாப்ட் கடையப் புது இரும்புக் கம்பி என் பட்டறைக்கு வந்து இறங்கியது. இப்போது லேத்தில் ஏற்றியிருக்கிறேன். நாளை மாட்டிவிடுவேன்.

எனக்குச் சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. இவர்கள் இறங்கி நிற்பதற்கு நீ சாக வேண்டியிருந்ததே என்று வயிறு எரிகிறது. அந்த ஆள்மேல் எனக்குக் கோபம் தீராது. எல்லோரையும் ஏற்றிவிட்டு நீ மட்டும் தங்கிவிட்டாயே, உன்மேலும் தீராது. தீரவும் வேண்டாம். அது இருக்கிறவரை, ஒட்டுப்போட்ட ஷாப்ட் எதுவும் என் பட்டறையைத் தாண்டிக் கடலுக்குப் போகாது.