கேரல் அறையில் வைத்த மீட்டர்

மைசூரு
ஆகஸ்ட் 4, 2024

அன்புள்ள டோரதிக்கு,

ஸ்தோத்திரம். நீ சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் வீடும் இருக்கிறோம். மழை விட்டபாடில்லை. நீ வைத்த செம்பருத்தி காம்பவுண்டைத் தாண்டி கௌரம்மா வீட்டுக்குள் சாய்ந்துவிட்டது. அவர்கள் பூவைப் பறித்து சாமிக்கு வைத்துக்கொண்டே, கிளையை வெட்டலாமா என்று கேட்கிறார்கள். வீட்டுக்காரி வந்து சொல்லட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

போனில் கூப்பிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனாய். கூப்பிட்டாலும் மாதேஸ்வரன் மலைக்கு அந்தப் பக்கம், அந்தப் பாலாற்றுக் காட்டில் சிக்னல் கிடையாது. அதற்காகத்தானே இங்கே இருந்த ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு, அங்கே மிஷன் டிஸ்பென்சரியில் நர்ஸாகப் போய் உட்கார்ந்திருக்கிறாய். அதனால் எழுதுகிறேன். என் கோழிக் கிறுக்கலைப் பார்த்துச் சிரிக்காதே.

விஷயம் இதுதான். நம் பிள்ளை கேரல் நம்மை விட்டுப் போன பிறகு, கௌரம்மா மாடியில் இருக்கிற செல்போன் டவரை எடுக்கச் சொல்லி தெருவெல்லாம் ஏறி இறங்கி ஒரு மனு கொடுத்தாயே, அது குப்பைக்குப் போகவில்லை. வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி இவற்றின் பக்கத்தில் டவர் வைக்க நகரத்துக்கென்று புதிதாக விதி கொண்டுவரப் போகிறார்களாம். அதற்கு முன்னால் வார்டு வார்டாக ஜனங்களிடம் கருத்துக் கேட்கிறார்கள். நம் வார்டுக் கூட்டம் செப்டம்பர் கடைசியில். சுகாதாரத் துறை டாக்டர் ஒருவரும் வந்து உட்காருகிறார். மனு கொடுத்தவள் நீ என்பதால் உன் பெயருக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. இத்துடன் வைத்திருக்கிறேன்.

நீ வருவாயா? கூட்டத்துக்கு மட்டும் என்றாலும் வா. நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.

அன்புடன்,
எலியேசர்


பாலாறு
ஆகஸ்ட் 17, 2024

திரு. எலியேசர் அவர்களுக்கு,

கடிதம் கிடைச்சது. கொள்ளேகால் பஸ்ஸுல தபால் வந்தாத்தான் உண்டு, மழையில அந்த பஸ்ஸும் வரல. செம்பருத்தியில யாரும் கத்தியை வைக்கக்கூடாதுன்னு சொல்லுங்க. பூ வேணும்னா பறிச்சுக்கட்டும்.

நான் வரல. அந்த டவரை அண்ணாந்து பார்த்துக்கிட்டு அந்தத் தெருவுல என்னால நடக்க முடியாது. மைசூர்ல கால் வெச்சாலே எனக்குத் தலை பிளக்குது. உங்களுக்கு இதுல நம்பிக்கை கிடையாது, தெரியும், விடுங்க. எனக்குப் பதிலா நீங்க போங்க.

கூட வெச்சிருக்கிற தாளைப் படிங்க. "எங்கள் மகள் கேரல், வயது பதினான்கு, அந்த டவரின் கதிர்வீச்சினால் வந்த ரத்தப் புற்றுநோயில் இறந்தாள்." அவ்வளவுதான் எழுதியிருக்கேன். அம்மான்னு நான் கையெழுத்துப் போட்டாச்சு. அப்பான்னு நீங்க போடணும். டவர் கதிர்வீச்சை அளக்கறதே உத்தியோகமா இருக்கிற மனுஷன் போட்ட கையெழுத்தை எவனும் ஒதுக்கித் தள்ள முடியாது.

அதைக் கூட்டத்துல கொடுத்துட்டீங்கன்னு தெரிஞ்சா, அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு நான் வீட்டுக்கு வந்துடறேன். இது சத்தியம்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்னு கேப்பீங்க. கீமோவுல முடியெல்லாம் கொட்டி பிள்ளை படுத்திருந்த அந்த சாயங்காலம் ஞாபகம் இருக்கா? ஆபீஸ் மீட்டரைக் கொண்டுவந்து அவ கட்டில் பக்கத்துல ஸ்டாண்டு போட்டு நிறுத்தினீங்க. "இது என்னப்பா?"ன்னு அவ கேட்டா. நீங்க வாயே திறக்கல. அப்புறம் என் பக்கம் திரும்பி, "எல்லைக்குள்ளதான் இருக்கு டோரதி, ரொம்ப ரொம்பக் கம்மி"ன்னு சொன்னீங்க. உங்க முகத்துல அப்படி ஒரு நிம்மதி! பிள்ளை அங்க கரைஞ்சுக்கிட்டிருக்கு, அப்பனுக்கு நிம்மதி. அதை என்னால ஜீரணிக்க முடியல. இன்னிக்கு வரைக்கும் முடியல.

கையெழுத்துப் போடுங்க. வேற ஒண்ணும் நான் கேக்கல.

டோரதி


மைசூரு
செப்டம்பர் 1, 2024

அன்புள்ள டோரதிக்கு,

திரு போட்டு எலியேசர் என்று எழுதியிருக்கிறாய். கல்யாணமான புதிதில் "இந்தாங்க" என்றாய், பிள்ளை பிறந்ததும் "கேரலப்பா" என்றாய். என் பெயரை உனக்கு எழுத வரும் என்பதே இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

தாளை மேஜையில் வைத்துப் பேனாவைத் திறந்துவிட்டேன். நீ வீட்டுக்கு வருவாய் என்ற ஒரே நினைப்பில்தான் திறந்தேன். பிறகு மூடி வைத்துவிட்டேன். என்னால் முடியவில்லை டோரதி.

என் ஆபீஸுக்குப் பயந்து என்று நினைக்காதே. வேலை போனால் போகட்டும். அந்த மீட்டரைத் தூக்கிக்கொண்டு எத்தனை தெருவுக்குப் போயிருக்கிறேன். வயிற்றுப் பிள்ளைக்காரிகள், கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருப்பவர்கள், எல்லாரும் என் வாயையே பார்ப்பார்கள். மீட்டர் என்ன எண் காட்டுகிறதோ அதைச் சொல்லிவிட்டு வருவேன். எங்கேயாவது கூடுதலாக இருந்தால் அதையும் சொல்லிக் குறைக்க வைத்திருக்கிறேன். நம் வீட்டில் குறைவாகத்தான் காட்டியது. நோய் எதனால் வந்தது என்று டாக்டருக்கே தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. தெரியாததைத் தெரியும் என்று எழுதி, அதன் கீழே கேரலின் அப்பா என்று போட எனக்கு மனசு வரவில்லை. பிள்ளையின் பெயரில் ஒரு பொய் வேண்டாம்.

அந்த நிம்மதியைப் பற்றி எழுதியிருக்கிறாய். உண்மைதான், இருந்தது. அதற்கு முன் எனக்கு இருந்த பயம் உனக்குத் தெரியாது. இந்தத் தெருவுக்கு நம்மைக் குடி கூட்டிவந்தவன் நான். என் பிள்ளையை நானே கொண்டுவந்து டவர் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டேனோ என்று பார்க்கத்தான் மீட்டரை வைத்தேன். அவள் கேட்டபோது பதில் சொல்லாததற்கு அதுதான் காரணம். எண்ணைப் பார்த்ததும், நான் கொல்லவில்லை என்று ஒரு மூச்சு வந்தது. நீ பார்த்தது அந்த மூச்சைத்தான்.

திட்டி எழுதினாலும் சரி, எழுது.

அன்புடன்,
எலியேசர்


பாலாறு
செப்டம்பர் 12, 2024

திரு. எலியேசர் அவர்களுக்கு,

உங்க நியாயம் உங்களோட இருக்கட்டும். பிள்ளை போயிட்டா, உங்க எண்ணு மட்டும் பத்திரமா இருக்கு. கையெழுத்து இல்லன்னா கடிதமும் வேண்டாம்.

டோரதி


மைசூரு
அக்டோபர் 3, 2024

அன்புள்ள டோரதிக்கு,

கடிதம் வேண்டாம் என்றாய். இருந்தாலும் கூட்டத்தில் நடந்ததை வேறு யார் வாயாலாவது நீ கேட்கக்கூடாது. இதைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டாலும் போடு.

ஹாலில் உட்கார இடமில்லை. கௌரம்மா முன்வரிசையில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், பாவம், எல்லாரும் அவர்களையே குற்றவாளி மாதிரி பார்த்தார்கள். டவரை எல்லாம் பிடுங்கு என்று பாதிப் பேர், என் பையன் ஆன்லைனில் படிக்க வேண்டாமா என்று பாதிப் பேர். உன் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து நின்றேன். உன் தாளை அந்த டாக்டரிடம் கொடுத்தேன். இது என் மனைவி எழுதியது, கையெழுத்து அவளுடையது மட்டும், நான் போடவில்லை என்று சொல்லியே கொடுத்தேன். அதை மறைக்க எனக்கு உரிமை இல்லை.

பிறகு நான் யார், என்ன உத்தியோகம், என் வீட்டில் மீட்டர் என்ன காட்டியது, எல்லாம் சொன்னேன். பின்னாலிருந்து ஒருவன், "சும்னே கூத்கோ, வாயை மூடிட்டு உட்காரு, கம்பெனிக்காரன் ஆளு நீ" என்று கத்தினான். அப்புறம் வந்ததை நான் எழுதி எடுத்துப் போகவில்லை, தானாக வந்தது. "டவரை ஏற்றிய அன்று எங்கள் தெருவில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாரும் எங்கள் முன்னால் அளந்து காட்டவில்லை. நான் அளந்ததுகூட என் பிள்ளை படுக்கையில் விழுந்த பிறகுதான். ஒரு அம்மா தனியாகப் பயந்துகொண்டே இருந்தாள். அவள் பயத்துக்கு உட்கார்ந்து பதில் சொல்ல இந்த ஊரில் ஒரு ஆள் இல்லை. எண்ணைச் சொல்லிவிட்டுப் போனேனே, நானும் பதில் சொல்லவில்லை. டவர் வைக்கும் முன்பும் வைத்த பின்பும், அந்தத் தெரு ஜனங்கள் முன்னால் அளந்து, அவர்கள் பாஷையில் சொல்ல வேண்டும். அளந்தவன் எழுந்து ஓடாமல் உட்கார்ந்து கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். விதியில் இதை எழுதுங்கள்" என்றேன்.

இந்த ஒன்றை வார்டு சிபாரிசில் சேர்த்திருக்கிறார்கள். டவரை எவ்வளவு தூரம் தள்ளி வைப்பது என்பது மேலே முடிவாகுமாம். நம் தெரு டவர் இருக்கும். நீ கேட்டது கிடைக்கவில்லை. நீயும் வரப்போவதில்லை, தெரியும்.

வீட்டுக்கு வந்து அழுதேன். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

எலியேசர்


மைசூரு
டிசம்பர் 20, 2024

அன்புள்ள டோரதிக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். கேக்கை ரெஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன், உடைந்திருந்தால் கரண்டியால் சாப்பிடு. கேரலின் நட்சத்திரத்தை வாசலில் கட்டிவிட்டேன். இந்த வருஷமும் கட்டலாமா என்று உன்னைக் கேட்க நினைத்தேன், பதில் வராது என்று நானே கட்டிவிட்டேன்.

எலியேசர்


பாலாறு
மார்ச் 30, 2025

கேரலப்பாவுக்கு,

கேக்கு உடையாமத்தான் வந்தது. அதுக்கே பதில் எழுதியிருக்கணும். எழுதல.

இங்க மாரக்காள்னு ஒரு பொண்ணு, எனக்கு வாசல் தெளிச்சுக் கொடுக்கும், "ஏனுங்க சிஸ்டரம்மா, தின்னீங்களா?"ன்னு கேட்டுட்டுத்தான் போகும். தலைச்சன் பிள்ளை வயித்துல. பிப்ரவரியில ஒரு மத்தியானம் வலி எடுத்தது. குழந்தை குறுக்க கிடக்குன்னு தொட்டதுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு, டிஸ்பென்சரியில ஆகற காரியம் இல்ல. ஆம்புலன்ஸுக்குப் போன் போடணும். அவ புருஷன் காளியப்பன் சிக்னல் தேடிக்கிட்டு மாதேஸ்வரன் மலைப் பக்கம் பைக்குல ஓடினான். போன் கிடைச்சு வண்டி இங்க வந்து சேர்றப்போ பொழுது சாஞ்சுடுச்சு. மாரக்காள் பிழைச்சுக்கிட்டா. குழந்தை போயிடுச்சு. ஆண் குழந்தை. நான்தான் துடைச்சு துணியில சுத்தி காளியப்பன் கையில கொடுத்தேன்.

இப்போ ஊர்ல டவர் வேணும்னு கேக்கறாங்க. எழுதிக் கொடுத்தா வைக்க ஆள் வருதாம். ஆனா பாதி ஜனம் பயப்படுது. சிஸ்டரம்மா பொண்ணு டவராலதான் போச்சாம்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டு, கடைசியில எல்லாரும் என்கிட்ட வந்து நிக்கறாங்க. "நீங்க ஒரு வார்த்தை சொன்னா சரிங்க, நர்ஸம்மான்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க"ன்னு மாரக்காளே வந்து கேட்டா. பால் கட்டி நெஞ்சு வலின்னு சேலையை நனைச்சுப் போட்டுக்கிட்டு நின்னா. அவளுக்கு என்ன பதில் வேணும்னு எனக்குத் தெரியும். போட்டுக் கொடுத்துடலாமான்னு கை துடிச்சது. கேரல் ஞாபகம் வந்ததும், மாட்டேன்னு சொல்ல நாக்கு துடிச்சது. ரெண்டும் முடியல. எனக்குத் தெரியாதும்மான்னேன். எனக்குத் தெரியாதுன்னு அன்னிக்குத்தான் முதல் தடவையா நான் வாய்விட்டுச் சொன்னேன்.

அவ போயிட்டா. அப்புறம் உங்க கடிதம் எல்லாத்தையும் எடுத்து மறுபடி படிச்சேன். அடுப்புல போடல.

உங்க மேல வருத்தம் போயிடுச்சுன்னு நினைச்சுக்காதீங்க. அந்த சாயங்காலம் அப்படியேதான் நெஞ்சுல இருக்கு. ஆனா உங்களை நான் என்ன கேட்டேன், நீங்க ஏன் கையெழுத்துப் போடலன்னு இப்போ புரியுது. எங்கிட்ட வேற என்ன பொய் சொல்லியிருந்தாலும் சொல்லியிருக்கலாம், எண்ணுல நீங்க பொய் சொன்னதில்ல. அதனால உங்களைத்தான் கூப்பிடறேன்.

லீவு போட்டுட்டு மீட்டரோட வாங்க. டவர் வைக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை அளங்க, வெச்சப்புறம் மறுபடி வந்து அளங்க. எல்லாரையும் டிஸ்பென்சரி முற்றத்துல உட்கார வைக்கறேன். மாரக்காள் முன்வரிசையில இருப்பா. என்ன காட்டுதோ அதைத் தமிழ்லயும் கன்னடத்துலயும் சத்தமா சொல்லுங்க. சொல்லிட்டு எழுந்து போயிடாதீங்க, கூட்டத்துல நீங்க சொன்ன மாதிரி உட்காருங்க. கேரல் கேட்டாளே, "இது என்னப்பா?"ன்னு, அதை இங்க இருக்கிற பிள்ளைங்களும் கேக்கும். இந்தத் தடவை பதில் சொல்லுங்க. நானும் பக்கத்துல உட்கார்ந்து கேட்டுக்கறேன். அப்புறம் நான் கையெழுத்துப் போடறதா வேண்டாமான்னு பார்த்துக்கறேன். டவர் வந்தாலும் இந்த ஜனத்தை விட்டுட்டு நான் ஓட மாட்டேன்.

வீட்டுக்கு எப்ப வருவேன்னு கேக்காதீங்க. எனக்குத் தெரியாது.

ஈஸ்டர் முடிஞ்ச வாரம் வாங்க. வரும்போது அந்தச் செம்பருத்தியில ஒரு குச்சி ஒடிச்சு ஈரத் துணியில சுத்திக் கொண்டு வாங்க, இங்க மண்ணு நல்லா இருக்கு. பாலாறு செக்போஸ்ட்டுல இறங்கினா நான் நிப்பேன். மலையில பஸ்ஸு ரொம்பக் குலுக்கும். மீட்டரை மேல வைக்காதீங்க, மடியில வெச்சுக்கிட்டு வாங்க.

டோரதி